மலைமேல் மான்ஸ்டெரா

ஊட்டியில் வீட்டுக்குள் மான்ஸ்டெரா (பெரிய இலைகளில் கீறல் விழும் அழகுக் கொடி) வளர்ப்பவர்கள் எல்லோரும் ஜனவரிக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது ஜூலைக்கு.

ஜனவரி இரவு கொடியதுதான். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் மாதிரிப் பள்ளமான இடங்களில் புல் வெள்ளையாகிவிடும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் பகல் 20 டிகிரியைத் தொடும். ஜூலையில் இரவு 10, 11 டிகிரி இருக்கும். பகலும் 16, 17-ஐத் தாண்டாது. வெயில் வாரக்கணக்கில் முகம் காட்டாது. வீட்டுக்குள் தரை, சுவர், தொட்டி எல்லாமே ஒரே குளிர்ச்சியில் உறைந்து கிடக்கும். ஜனவரியில் இலை கருகுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, உடனே ஏதாவது செய்கிறோம். ஆடியில் வேர் அழுகுகிறது. அது தெரியவரும்போது ஆவணி பிறந்திருக்கும்.

மழைக்காட்டுச் செடி மழைக்காலத்தில் ஏன் அழுக வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. மான்ஸ்டெராவின் சொந்த ஊர் தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையான காடுகள். அங்கே பெய்கிற மழை வெதுவெதுப்பான மழை. கொடி மரத்தைப் பற்றிக்கொண்டு மேலேறும், வேரில் ஒரு பங்கு காற்றிலேயே தொங்கும். அதற்கு இதமான வெப்பம் 18 முதல் 30 டிகிரி. 15-க்குக் கீழே போனால் வேர் சோம்பிவிடும். 10-க்குக் கீழே வளர்ச்சி அநேகமாக நின்றுபோகும். சோம்பிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. உறிஞ்சாத தண்ணீர் மண்ணின் காற்றிடைவெளிகளை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று இல்லாத ஈர மண்ணில் பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் வேரைத் தின்னத் தொடங்கும். வேர் போனதும் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து, ஐயோ தண்ணீர் போதவில்லை போல என்று ஒரு சொம்பு ஊற்றுவோம். அநேகச் செடிகளின் கதை அந்தச் சொம்போடு முடிகிறது.

அதனால் மலையில் 'வாரம் ஒருமுறை தண்ணீர்' என்ற கணக்கே கிடையாது. சென்னையிலோ பெங்களூரிலோ எடுத்த வீடியோவைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள்.

விரலை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மலையில் அது ஏமாற்றும்: குளிர்ந்த மண் காய்ந்திருந்தாலும் விரலுக்கு ஈரமாகவே படும். ஒரு அடி நீள மூங்கில் குச்சியைச் சீவி, தொட்டியின் ஓரமாக அடிவரை இறக்கி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். அடியில் மூன்றில் ஒரு பங்கு நிறம் கறுத்திருந்தால் ஈரம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் குச்சியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். விரலைவிடக் கன்னம் சரியாகச் சொல்லும். இன்னொரு வழி, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்து எடையைப் பார்ப்பது. நீர் ஊற்றிய அன்று எப்படிக் கனத்தது, காய்ந்த பிறகு எப்படி இருக்கிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால் கை தானாகப் பழகிவிடும்.

12 அங்குலத் தொட்டிக்குச் சுமாரான அளவு சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் 7, 8 நாளுக்கு ஒருமுறை ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், அடித்துளை வழியே வடியும் வரை. தட்டில் வடிந்ததை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். ஜூலையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 300, 400 மில்லி; குச்சி ஈரம் காட்டினால் அதுவும் வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டு மூன்று வாரத்துக்கு அரை லிட்டர், காலை 11 மணி வாக்கில். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க வேர் குளிர்ந்த நீரில் நிற்கும்.

குளிர்காலத்துக் குழாய் நீர் 10 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். அதை அப்படியே ஊற்றுவது வெப்பமண்டல வேருக்கு அடி. 5 டம்ளர் குழாய் நீருக்கு 1 டம்ளர் கொதிநீர் கலந்தால் 24, 25 டிகிரி வரும், அது போதும். கையை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

மழைக்காலம் எப்போது என்பதும் மலைக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். ஊட்டி மேற்குப் பக்கம், அவலாஞ்சி, கூடலூர் எல்லாம் தென்மேற்குப் பருவமழைக்காரர்கள். தொட்டபெட்டா முகட்டுக்குக் கிழக்கே இருக்கும் குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கனத்த மழை. கொடைக்கானலுக்கும் அப்படியே. ஆகவே மேலே ஜூலை என்று சொன்னதைக் குன்னூர்க்காரர்களும் கொடைக்கானல்காரர்களும் அக்டோபர், நவம்பருக்கும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும். கூடலூர் கதை வேறு. சுமார் 1,000 மீட்டர் உயரம்தான் என்பதால் வெளியில் மரத்தடியிலேயே மான்ஸ்டெரா நன்றாக ஏறும். இந்தக் கட்டுரையில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது.

வேரைக் காப்பாற்றும் வேலையில் முக்கால்வாசி மண்கலவையிலேயே முடிந்துவிடும். மலை மண் தேயிலைக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. இரண்டு மழை பெய்ததும் இறுகி அடைத்துக்கொள்ளும், புளிப்பும் அதிகம். நர்சரியில் வரும் செடியோ பெரும்பாலும் வெறும் தென்னை நார்க்கழிவில் நிற்கும். சமவெளி வெயிலுக்கு அது சரி. நார்க்கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், ஊட்டியில் அது மாதக்கணக்கில் காயாது.

12 அங்குலத் தொட்டிக்குப் பதினைந்து லிட்டர் கலவை போதும். ஒரு பெயின்ட் டப்பாவை அளவாக வைத்துக்கொண்டால்: தேங்காய் மட்டைத் துண்டு 3 பங்கு, இலைமக்கு 2 பங்கு, பட்டாணி அளவு செங்கல் சல்லி அல்லது பெர்லைட் 2 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, செம்மண் 1 பங்கு. அதோடு இரண்டு மேசைக்கரண்டி டோலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் தூள்), ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. டோலமைட் எதற்கென்றால், இங்கே மண் புளிப்பு, மழைநீரிலும் ஓடைநீரிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு. மான்ஸ்டெராவுக்கு 5.5 முதல் 6.5 வரை கார அமில நிலை (pH) பிடிக்கும். தேயிலைத் தோட்டங்களில் மண்ணின் புளிப்பை இறக்க டோலமைட் போடுவதும் இதற்காகத்தான், உரக்கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். மட்டைத் துண்டை முதல் நாள் இரவு ஊறவைத்து, தேநீர் நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாவிட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும்.

இலைமக்குக்காகச் சோலைக்காட்டுக்குள் போய் அள்ளி வராதீர்கள். பாசியும் அப்படித்தான், மரப்பெரணித் தண்டும் அப்படித்தான். காப்புக்காட்டில் எடுப்பது குற்றம். தவிர, ஒரு மரப்பெரணி ஆள் உயரம் வளர எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவர் அதை வெட்டிச் செடிக்குக் கம்பம் செய்யமாட்டார். வீட்டு வாசலில் விழும் சில்வர் ஓக் இலையை ஒரு மூலையில் குவித்து, அவ்வப்போது நனைத்துப் புரட்டினால் ஒரு வருஷத்தில் நல்ல மக்கு கிடைக்கும்.

தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும். பக்கவாட்டில் மூச்சு விடும், ஈரம் வெளியேறும். அதற்கும் ஒரு குறை உண்டு: ஈரம் ஆவியாகும்போது பானைத் தண்ணீர் போல உள்ளிருக்கும் மண்ணும் குளிரும். அதனால்தான் பனிக்காலத்தில் மண்தொட்டியைக் காயவிட்டே வைக்க வேண்டும். அடியில் துளையில்லாத பளபளப்புப் பீங்கான் தொட்டி மலையில் செடிக்குக் கட்டும் சமாதி. இருக்கும் தொட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டும் பெரிதாக எடுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும்.

மாற்றும் காலம் மார்ச் கடைசி முதல் மே நடு வரை. அப்போதுதான் புது வேர் விடும் சூடு இருக்கும். கம்பமும் அன்றே நட்டுவிட வேண்டும், பிறகு குத்தினால் வேர் அறும். இரண்டு அங்குல பி.வி.சி. குழாயில் கயிறு வழுக்காமலிருக்க நாலைந்து இடத்தில் துளையிட்டு, தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் கம்பம் தயார். செடிக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. காற்றுவேர் வரும் பக்கம் பின்பக்கம், அது கம்பத்தைப் பார்க்க வேண்டும். இலைகள் வெளிச்சத்தைப் பார்க்கும். தண்டைத்தான் கட்ட வேண்டும். இலைக்காம்பைக் கட்டினால் இலை திரும்ப முடியாமல் வளைந்து போகும். கம்பம் வைத்த செடியைச் சுழற்றிக்கொண்டே இருக்காதீர்கள், ஒரே முகமாக வளரட்டும். நீண்டு தொங்கும் காற்றுவேரை அசிங்கமென்று வெட்டுகிறார்கள். வெட்டத் தேவையில்லை, வளைத்துத் தொட்டி மண்ணுக்குள் விட்டால் அதுவும் உண்ணும்.

இனி வெளிச்சம். ஆடி மூடுபனியில் ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளியிருக்கும் செடிக்கு, நடுப்பகலிலேயே புத்தகம் படிக்கத் திணறும் வெளிச்சம்தான் கிடைக்கும். அந்த வெளிச்சத்தில் வரும் இலை சிறிதாக, கீறலே இல்லாமல், இதய வடிவில் வரும். காம்பு மட்டும் நீளும். இது நோயல்ல, பட்டினி. ஜூன் முதல் செப்டம்பர் வரை செடியை ஜன்னலை ஒட்டியே வையுங்கள். அதுவும் போதாத வீடுகளில் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு ஒன்றை உச்சி இலைக்கு ஒன்றரை அடி மேலே தொங்கவிட்டு, தினம் 12 மணி நேரம் எரியவிட்டால் வித்தியாசம் தெரியும். மாதத்துக்கு ஏழு யூனிட் மின்சாரம். ஊதா நிறத்தில் எரியும் விலையுயர்ந்த விளக்கு அவசியமே இல்லை. வெளிச்சம் கூடினால் தண்ணீரும் சீக்கிரம் காயும் என்பது உபரி லாபம்.

அந்த மாதங்களில் காலையில் இலை விளிம்பில் முத்து முத்தாக நீர்த்துளி நிற்கும். பயம் வேண்டாம், செடி அதிகப்படி நீரை வெளியே தள்ளுகிறது. ஆனால் தினமும் நின்றால் மண்ணில் நீர் கூடிப்போயிற்று என்று பொருள். அடியிலை ஒன்று மஞ்சளாகி உதிர்வது வயது. மூன்று நான்கு இலை ஒரே வாரத்தில் மஞ்சளானால், தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள், மண்ணை முகர்ந்து பாருங்கள். சாக்கடை நாற்றம் அடித்தால் காத்திருக்கக் கூடாது. ஜூலையே ஆனாலும் தொட்டியிலிருந்து எடுத்து, பழுப்பாகக் குழைந்த வேர்களையெல்லாம் ஸ்பிரிட் தடவிய பிளேடால் வெட்டி, வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும் வேர் தெரியும் வரை போங்கள். ஒரு பகல் முழுக்க நிழலில் உலரவிட்டு, புதுக் கலவையில், முன்பைவிடச் சின்னத் தொட்டியில் நடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (வேரைக் காக்கும் நன்மை பாக்டீரியாத் தூள்) கலந்த நீரை மட்டும் கொஞ்சம் ஊற்றலாம். டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சையும் நல்லதுதான், ஆனால் அது சூடான மண்ணில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதை ஏப்ரலில் முன்கூட்டியே கலந்துவைப்பது புத்திசாலித்தனம்.

உரம்: ஏப்ரல் முதல் ஜூன் நடு வரை 15 நாளுக்கொருமுறை, நீரில் கரையும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள உரம்) லிட்டருக்கு 1 கிராம். செப்டம்பரில் வெயில் எட்டிப் பார்த்தால் இரண்டு முறை, அரை அளவு. மற்ற மாதங்களில் ஒன்றும் வேண்டாம். தூங்குகிற செடிக்குச் சோறு ஊட்ட முடியாது, உப்புதான் சேரும்.

பனிக்காலத்துக்கு வருவோம். முதலில் நீர்ப்பனி விழும், பிறகு உறைபனி. நீர்ப்பனி தொடங்கியதுமே ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும். மேகமில்லாத, காற்று அசையாத இரவுதான் ஆபத்து. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானல் ஏரிப் பக்கத்து வீட்டுக்கும் அதற்கு மேலே சரிவில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே இரவில் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். ஊரின் வெப்பநிலையைச் செய்தியில் பார்த்து முடிவெடுக்காமல், குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றைச் செடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

வீட்டுக்குள் உறைபனி விழாது, ஆனால் ஜன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட வெளிக்குளிரிலேயே இருக்கும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலையில், தொட்ட இடத்தில் மட்டும் முதலில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஊடுருவித் தெரியும் ஒரு திட்டு வரும். இரண்டு நாளில் அது கறுத்துவிடும். மாலை ஐந்தரைக்குச் செடியை ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே இழுத்து, திரையைச் செடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விடுங்கள். பெரிய தொட்டியைத் தினம் இழுக்க முடியாது. நான்கு சக்கரம் வைத்த மரப்பலகை ஒன்று செய்துகொண்டால் இரண்டு வேலை ஆகும். இழுக்கலாம், தொட்டியும் தரையிலிருந்து எழும்பியிருக்கும். சிமென்ட் தரையிலோ ரெட் ஆக்சைடு தரையிலோ நேரே உட்கார்ந்த தொட்டியின் அடிமண் விடிகாலையில் அறையைவிடக் குளிர்ந்திருக்கும்.

ரூம் ஹீட்டர் காற்று நேரே படக்கூடாது, ஆறடியாவது தள்ளி இருக்கட்டும். கும்மட்டி அடுப்பைச் சாத்திய அறையில் வைத்துச் செடிக்குக் குளிர் போக்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: கரிப்புகை ஆளையே கொன்றுவிடும், செடியை விடுங்கள்.

வராந்தாவிலோ தோட்டத்திலோ நிற்கும் செடிக்குப் பாலித்தீன் போர்த்தாதீர்கள். இலை ஒட்டிய இடமெல்லாம் கருகும். பழைய பெட்ஷீட்டோ சாக்கோ நல்லது, காலையில் எடுத்துவிட வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிச் செருகி வைத்திருப்பதைப் பனிக்காலத்தில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அதன் தத்துவமும் இதுதான்: பனி மிலார்மேல் விழும், அடியில் காற்று ஓடும்.

பனிக்காலப் பகல் வறண்டது. அப்போதுதான் செஞ்சிலந்தி என்ற, இலைச்சாறு உறிஞ்சும் பொடி உயிர் வரும். தேயிலையில் வேலை செய்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இலையின் அடியில் மெல்லிய நூல், மேலே ஊசி குத்தியது மாதிரி வெளிறிய புள்ளிகள். இலையில் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் கூடும் என்பார்கள். பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் அந்த ஈரத்தால் பயன் இல்லை. ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் வாரம் ஒருமுறை துடைப்பது அதைவிடப் பலமடங்கு மேல். மாவுப்பூச்சி இலைக்காம்பின் இடுக்கில் உட்காரும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்துவிடலாம். மீறிப் போனால் வேப்பெண்ணெய்: லிட்டருக்கு 5 மில்லி, ஒட்டுவதற்குச் சில துளி சோப்புக் கரைசல். ஊட்டிக் குளிரில் வேப்பெண்ணெய் பாட்டிலுக்குள் நெய் மாதிரி உறைந்து நிற்கும். அதை அப்படியே தோண்டிக் குளிர்ந்த நீரில் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும், ஸ்பிரேயர் மூக்கு அடைக்கும், கட்டி விழுந்த இடத்தில் இலை கருகும். பாட்டிலை வெந்நீரில் கால் மணி நேரம் நிறுத்தி இளக்கி, முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்து, பிறகு வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பால் மாதிரி ஆக வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, ஆனால் இருட்டுவதற்குள் இலை காயும்படி, மூன்று மணி வாக்கில் அடிப்பது சரி.

கோடையில் ஆபத்து எதிர்ப்பக்கம். காற்று 22, 23 டிகிரிதான் என்று செடியைத் திடீரென வெயிலில் வைத்துவிடுகிறார்கள். 2,200 மீட்டர் உயரத்து வெயில் காற்றின் குளிர்ச்சியை வைத்து அளக்கக் கூடியதல்ல. நம் மூக்கு நுனி கறுப்பது போலவே இலையும் ஒரே நாளில் வெளிறி, பிறகு காகிதம் போல் காய்ந்துவிடும். மேற்கு ஜன்னலுக்கு ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போதும். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் எந்தப் பருவத்திலும் நல்லது.

புதிதாக வாங்குவதானால் மார்ச் முதல் மே வரை வாங்குங்கள். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் நின்ற செடி மூன்று மணி நேரத்தில் 20-க்கு வருவதே பெரிய மாற்றம். டிசம்பரில், திறந்த வண்டியில், மாலையில் பர்லியார் வழியாக ஏற்றினால் வீட்டுக்கு வரும்போதே இலை தொங்கிவிடும். வந்ததும் மண் மாற்ற அவசரப்பட வேண்டாம், மூன்று வாரம் இருக்கட்டும். சாறு பட்டால் அரிக்கும், தின்றால் வாய் வீங்கும். குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் எட்டாத இடம் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஜனவரி இரவில் செடி கருகிப்போனால், கறுத்த இலையை உடனே வெட்டாதீர்கள். அடுத்த பனியில் உள்ளிருக்கும் தண்டுக்கு அதுவே போர்வை. வெட்டிவிட்டால் புதுத் துளிர் பிப்ரவரியிலேயே எட்டிப் பார்த்து மறுபடி கருகும் வாய்ப்பும் உண்டு. தண்ணீரும் உரமும் கொடுக்காமல் மார்ச் இரண்டாம் வாரம் வரை விட்டுவையுங்கள். அப்போது தண்டின் கணுவுக்குப் பக்கத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பழுப்பாகக் கொழகொழத்தால், பச்சை தெரியும் கணு வரை கீழே இறங்கி வெட்டுங்கள். பச்சையாக இருந்தால் கருகிய இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, கால் லிட்டர் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கிழக்கு ஜன்னலில் வையுங்கள். சித்திரைக்குள் அந்தக் கணுவில் துளிர் முட்டும்.